பைக்குள் ஐந்து கிரீம்

கிஷோரின் ஆபீஸ் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள் அவன் மனைவி நளினி. சாப்பாட்டு டப்பாவோடு ஐந்து கிரீம் டியூப்களும் ஒரு மடித்த தாளும் விழுந்தன.

"பாரு நைனா, உன் மாப்பிள்ளை லட்சணத்த! வெயில் கிரீம் மூணு, மூஞ்சி சுருக்கம் போறதுக்கு ரெண்டு!"

அவள் அப்பா தங்கவேலு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முப்பது வருடம் மாங்கூழ் லாரி ஓட்டி முதுகு போனவர். டிரைவருக்குப் பெண் கொடுப்பதில்லை என்று தேடித்தேடி, திருப்பதியில் ஏசி ஆபீஸ் மாப்பிள்ளையைப் பிடித்திருந்தார். மகள் போனில் அழுததும் குடிபாலாவிலிருந்து சித்தூருக்கு பஸ் ஏறிவிட்டார். அவளுடைய சூட்கேஸ் வாசலில் தயாராக நின்றது.

நளினி தாளைப் பிரித்தாள். "'நீலம், வேர்த்தா வழியுது. மஞ்சள், மதியம் வரைக்கும் தாங்குது. வெள்ளை, கண்ணோரக் கோடு கொறையல.' மார்க்கு போட்டுக்கினு கீறான் நைனா! த்தூ!"

ஒரு டியூபைத் திறந்து முகர்ந்தவள் முகத்தைச் சுளித்தாள். "கொமட்டிக்கினு வருது. தெனம் இந்த நாத்தத்தோடதான் வூட்டுக்கு வரான். சட்டையில வலது கை ஓரத்துல மட்டும் வெள்ளைக் கறை. தோச்சுத் தோச்சு என் நகமே போச்சு. எவ கோத்துக்கினு சுத்துறா அந்தக் கைய?"

"அப்டியெல்லாம் ஒண்ணும் இல்ல நளினி." பனியனோடு சுவரில் ஒட்டி நின்றான் கிஷோர். "ஆபீஸ்ல எல்லாரும் போடறாங்க."

"ஏசில குந்திக்கினு கம்ப்யூட்டர் தட்டறவனுக்கு எதுக்குய்யா வெயில் கிரீம்? முப்பத்தாறு வயசுல எவளுக்காக இந்த மினுக்கு? நைனா, எழுந்திரு. இந்த மூஞ்சிய இனிமே நான் பாக்க மாட்டேன்."

தங்கவேலு எழுந்தார். வாசலுக்குப் போகாமல் மருமகனிடம் போனார். அவனுடைய இரண்டு கைகளையும் இழுத்து ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தார்.

இடது கை மாநிறம். வலது கை, முழங்கையிலிருந்து விரல் வரை கருகிக் கிடந்தது.

கிஷோர் தலையைக் குனிந்துகொண்டான்.

தங்கவேலு தன் வலது சட்டைக் கையைச் சுருட்டினார். முப்பது வருடம் லாரி ஜன்னலில் வெயில் தின்ற கை. அதை அவன் கைக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே கறுப்பு.

"இப்ப எந்த வண்டி ஓட்றீங்க, மாப்ளே?"