துணிக்குள்ளே சிவப்பு

கணக்கப்பிள்ளை சந்தனக் கிண்ணத்தோடு அவளுடைய சைக்கிள் முன்னால் வந்து நின்றார்.

"துணிக்கா பொட்டு வைக்கச் சொல்லுத? இன்னைக்கு இரும்புக்குல்லா பூசை. அவுத்துப் போடும்மா."

அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உப்பளத்துக் கொட்டகை வாசலில் ஆயுதபூசைக்காக எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்திருந்தார்கள். உப்பு வாரும் பலகைகள், மண்வெட்டிகள், தண்ணீர் இறைக்கும் மோட்டார், பெண்கள் வந்துபோகும் சைக்கிள்கள்.

சைக்கிள்கள் எல்லாம் ஒரே நிறம். துருவின் நிறம்.

வாங்கும்போது பச்சையாக இருந்தால் என்ன, நீலமாக இருந்தால் என்ன? கடற்காற்றும் உப்பும் வருசம் திரும்புவதற்குள் எல்லாவற்றையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளாக்கிவிடும். கணக்கப்பிள்ளையின் மொபெட்டுக்கே சைலன்சர் உதிர்ந்துவிட்டது. அவர் வருகிறார் என்பது அவர் வருவதற்கு வெகுநேரம் முன்பே தெரிந்துவிடும்.

அவளுடைய சைக்கிள் மட்டும் துணி சுற்றி நின்றது.

பழைய நூல்சேலையைக் கிழித்து, வாங்கிய அன்றைக்கே கம்பி கம்பியாகச் சுற்றியது. வேலை முடிந்ததும் துணிக்கு மேலேயே ஒரு துடைப்பு, கொஞ்சம் தேங்காய் எண்ணெய். சகதியில் உருட்ட மாட்டாள். வரப்பு வந்தால் தோளில் தூக்கிக்கொள்வாள்.

"புருசனுக்குக்கூட இவ்வளவு எண்ணெய் தேச்சிருக்க மாட்டா" என்று பக்கத்துப் பாத்திப் பேச்சியம்மா சொல்லாத நாள் கிடையாது. உள்ளே என்ன நிறம் என்று கேட்பாள். சிவப்பு என்பாள் இவள்.

"யாரு கண்டா?"

யாரும் காணவில்லை. அவளுமே மூன்று மழைக்காலமாகக் காணவில்லை. பிரித்தால் உப்பு ஏறிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அது சாக்கு. பயம்தான்.

சைக்கிள் வாங்கப் போன அன்று கடைக்காரர் என்ன வேலை என்று கேட்டார். சொன்னாள். அவள் கை வைத்திருந்த சிவப்புச் சைக்கிளை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒரு கறுப்புச் சைக்கிளை இழுத்து முன்னால் நிறுத்தினார். உப்பளத்துக்குப் போறதுக்குக் கலர் எதுக்கு என்றார்.

அவளுக்குச் சுருக்கென்றது.

சிவப்புத்தான் வேண்டும் என்று சொன்னபோது குரல் கூடிவிட்டது. கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இப்போதும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே துரு என்றால், அந்தக் கடைக்காரர் சொன்னது சரி என்றாகிவிடும்.

குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

முடிச்சு உப்பேறி இறுகிக் கிடந்தது. பேச்சியம்மா அரிவாளை நீட்டினாள். கீறிவிடும் என்று அதைத் தள்ளிவிட்டு, பல்லால் கடித்து இழுத்தாள். வாயெல்லாம் உப்பும் எண்ணெய்ச் சிக்கு நாற்றமும்.

துணி கருவாடு மாதிரி விறைத்திருந்தது. ஒரு சுற்றுப் பிரிந்தது. இன்னொரு சுற்று.

உள்ளே கறுப்பு.

பின்னாலிருந்து யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

அவள் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே முந்தானையை எடுத்து அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தாள். எண்ணெய் அழுக்கு முந்தானையோடு வந்தது.

சிவப்பு.

பழுத்த மிளகாயின் சிவப்பு. அன்றைக்குக் கடையில் கண்ட அதே சிவப்பு.

அதற்குப் பிறகு அவள் கைக்கு நிதானமே இல்லை. பரபரவென்று பிரித்தாள். துடைத்தாள். கழுத்து, குறுக்குக் கம்பி, பின்சக்கரத்துக்குப் போகும் கம்பிகள் எல்லாம் பளபளத்துக்கொண்டு வந்தன. வெள்ளை உப்பும் சாம்பல் சகதியுமாகக் கிடந்த அந்த வெளியில் கண் வேறெங்கும் போகவில்லை. ஒருத்தி பக்கத்தில் வந்து தொட்டுப் பார்த்தாள். இன்னொருத்தி தன் கையைச் சேலையில் துடைத்துவிட்டுத் தொட்டாள்.

கணக்கப்பிள்ளையும் கிண்ணத்தோடு குனிந்து பார்த்தார்.

மிதிகட்டைக்கு மேலே, கம்பிகள் கூடுகிற இடத்தில் கடைசிச் சுற்றைப் பிரித்தபோது அவள் கை நின்றது.

கட்டைவிரல் அகலம் துரு.

"குடுங்க, நானே வைக்கேன்" என்று சந்தனக் கிண்ணத்தை வாங்கினாள். கைப்பிடிக்குக் கீழே சின்னதாக ஒரு பொட்டு. மிதிகட்டைக்கு மேலே ஒரு கை நிறைய அள்ளி அப்பினாள்.

"அங்க எதுக்கு அம்புட்டு?"

"வண்டிய ஓட்டுறதே அந்த எடந்தானய்யா."

அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

பேச்சியம்மா பார்த்துவிட்டாள். வாயைத் திறந்தாள். இவள் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

பேச்சியம்மா வாயை மூடிக்கொண்டு, தட்டிலிருந்து குங்குமத்தை எடுத்தாள். அந்தச் சந்தனத்தின் நடுவில் பெரிதாக வைத்தாள். கையெடுத்துக் கும்பிடவும் செய்தாள்.

பொரிகடலை கொடுத்து முடிந்ததும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

கழற்றிய துணி காலடியில் குவிந்து கிடந்தது. அவள் குனிந்து அதை எடுத்தாள். கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

பிறகு கீழே போட்டாள்.

சைக்கிளைத் தார் ரோட்டில் ஏற்றினாள். கடலிலிருந்து காற்று நேராக அடித்துக்கொண்டிருந்தது. உப்பளத்துப் பெண்கள் ரோட்டின் மண் ஓரத்தில்தான் போவார்கள். லாரிகளுக்குப் பயந்து அவளும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தவள்.

பின்னால் மாலை போட்ட லாரி ஒன்று ஹாரன் அடித்தது.

அவளும் மணியை அடித்தாள்.