மனசைப் படிக்கும் தொப்பி

"அந்தத் தொப்பிய மட்டும் மாட்ட வுடாத நிர்மலா. மூளையில இருக்கறத மொத்தமா உருவிடுவானுங்க."

சொன்னது நான்தான். பெயர் சக்கரபாணி. மில் மூடும்வரை சங்கத்து மேடைப் பேச்சாளர். மூடிய பிறகு உப்பளம் டீக்கடைப் பேச்சாளர்.

நிர்மலா என் நண்பன் ராஜவேலுவின் மனைவி. எட்டு மாசத்துக்கு முன்னால் மூளையில் ரத்தம் கட்டிப் படுத்தவன் அவன். கை, கால், வாய் எதுவும் அசையாது. எதையாவது கேட்டால் ஆமாம் என்பதற்கு ஒரு தடவை கண் சிமிட்டுவான். இல்லை என்பதற்கு இரண்டு தடவை.

அவனைப் பேச வைக்கிறேன் என்று இன்ஜினியரிங் காலேஜிலிருந்து சுடர்விழி என்ற பெண் கம்ப்யூட்டரோடு வந்திருந்தாள்.

"ஊசி இல்ல, ஆபரேஷன் இல்ல சார். நீச்சல் தொப்பி மாதிரிதான். ஸ்கிரீன்ல எழுத்து ஒவ்வொண்ணா மின்னும். அவருக்கு வேண்டிய எழுத்து மின்னும்போது மூளையில சின்னதா ஒரு மாற்றம் வரும். தொப்பி அதப் புடிச்சுக்கும். அவர் சொல்ல நினைக்கிறது மட்டுந்தான் வரும்."

"இப்ப அப்படித்தாம்மா சொல்லுவீங்க. நாளைக்கு ஏடிஎம் நம்பர் வரும். ஓட்டு யாருக்குப் போட்டான்னு வரும்."

சாயங்காலத்துக்குள் தெரு இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஆண்கள் மொத்தமும் என் கட்சி. பெண்கள் மொத்தமும் சுடர்விழி கட்சி.

என் மனைவி அஞ்சலாட்சி ஒரு படி மேலே போனாள். "ஏம்மா, வாய் நல்லாருக்கறவங்களுக்கும் இத மாட்டலாமா?" என்று என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சம்மதம் சொல்லிடுங்கக்கா. இல்லன்னா அடுத்த நோயாளிக்குக் குடுத்துடுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள் சுடர்விழி.

நிர்மலா தவித்துப் போனாள்.

"ஏதோ சொல்லணும்னு கெடந்து துடிக்கிறாருண்ணா. தண்ணியான்னா இல்லன்றாரு. வலியான்னா இல்லன்றாரு. உங்க பேரச் சொன்னா மட்டும் ஆமான்றாரு. நீங்க வந்து நின்னா கண்ணுல தண்ணி வருது. என்னன்னுதான் புரியல."

எனக்குப் புரிந்தது.

எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன பெத்தாங் ஆட்டம் உண்டு. ஒரு சின்ன மரக்குண்டை வீசிவிட்டு, அதை நோக்கி இரும்புக் குண்டுகளை எறிவோம். யாருடைய குண்டு நெருங்கி நிற்கிறதோ அவனுக்கு ஜெயம். எங்கள் தெருக் கோப்பையை முதல் வருஷம் ராஜவேலு ஜெயித்தான். இரண்டாம் வருஷம் நான்.

எப்படி ஜெயித்தேன் என்றால், அளக்கிற டேப்பை எடுக்க நடுவர் திரும்பிய நேரத்தில் மரக்குண்டைக் கால் கட்டைவிரலால் என் பக்கம் தள்ளிவிட்டேன். நிமிர்ந்தால் ராஜவேலு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த வாரமே படுத்துவிட்டான்.

மனிதகுலத்தின் அந்தரங்கத்தைக் காப்பாற்ற நான் தெருத்தெருவாகப் பேசியதெல்லாம் அந்த ஒரு ஜாண் பித்தளைக் கோப்பைக்காகத்தான். அசிங்கம்தான். ஆனால் அது எங்கள் வீட்டு ஷோகேஸில் நடுத்தட்டில் இருக்கிறது.

வியாழக்கிழமை நிர்மலா ஒரு காரியம் செய்தாள். நேராக ராஜவேலுவிடமே போய், "மாட்டிக்கிறீங்களா?" என்று கேட்டாள். அதுவரை அவனைக் கேட்கவேண்டும் என்று எங்கள் இரண்டு கட்சிக்கும் தோன்றவே இல்லை.

ஒரே சிமிட்டு. அத்தோடு என் கட்சி காலி.

சனிக்கிழமை காலையில் தெருவே அந்த வீட்டில் இருந்தது. ராஜவேலு தலையில் ஜெல் தடவித் தொப்பியை மாட்டினார்கள். எழுத்துகள் மின்ன ஆரம்பித்தன. ஒரு எழுத்துக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆனது.

முதலில் வந்தது 'பாணி'. அவன் என்னைக் கூப்பிடுகிற பெயர்.

எல்லோரும் கைதட்டினார்கள். "வாங்கண்ணா, முன்னாடி வாங்க" என்று எனக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

அடுத்து வந்தது 'குண்ட'. அப்புறம் 'காலால'. அப்புறம் 'தள்ளி ஜெயிச்சது'.

"களைச்சுட்டாரு. பத்து நிமிஷம் ரெஸ்ட் குடுப்போம்" என்றாள் சுடர்விழி.

அவனுக்கு ரெஸ்ட். எனக்கு? அஞ்சலாட்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பெத்தாங் நடுவர் கலைவாணனும் பார்த்தார். பேசாமல் நானே சொல்லிவிடலாம் என்றுகூட ஒரு நொடி தோன்றியது. வாயைத் திறந்தேன். திறந்த வாயில் நிர்மலா கொடுத்த டீயை ஊற்றிக்கொண்டேன்.

மறுபடியும் எழுத்துகள் மின்னின.

'மொத வருசம்'.

'நான்'.

'மன்னிச்சுடு'.

முதல் வருஷக் கோப்பை அவனுடையது. நிர்மலா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"இதுக்காங்க எட்டு மாசமா இந்தத் தவிப்பு? வாய் வந்ததும் மொதல்ல இதச் சொல்லணும்னா கெடந்தீங்க?"

ராஜவேலுவின் நெற்றியெல்லாம் வியர்வை. கண் என் முகத்தை விட்டு நகரவில்லை. தெருவே என் பதிலுக்காகக் காத்திருந்தது. எனக்குத் தொப்பி எதுவும் தேவைப்படவில்லை. வாய் நன்றாகத்தான் இருந்தது.

நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, பழைய மேடைக் குரலில் சொன்னேன்: "போவுது வுடு ராஜவேலு. உன்ன நான் மன்னிச்சிட்டேன்."