பேருக்கு முதலாளி

இறால் பண்ணைக் கழிவு கலந்து, பெரியகல்லாற்று வாவியில் மீன்களெல்லாம் செத்து மிதந்தன. பத்திரப்படி பண்ணை ஜொய்சனுடையது. உள்ளபடிக்கு அவன் நல்லரத்தினம் முதலாளியின் டிரைவர்.

விசாரணைக்காக அரசாங்கக் கந்தோருக்குப் போய்த் திரும்பிய ஜொய்சன், முதலாளி முன்னால் கைகட்டி நின்றான்.

“புதுச் சட்டமாம், முதலாளி. கம்பனிய உண்மையில நடத்துறது ஆரெண்டு கேட்டாங்க. மறைச்சா மறியல்ல கம்பி எண்ணணுமாம். நான் புள்ளகுட்டிக்காரன்... உங்கட பேரச் சொல்லிட்டன்.”

அறை விழுமென்று கண்ணை இறுக மூடிக்கொண்டான். அறை விழவில்லை. முதலாளியின் முகம் வெளிறிப்போயிருந்தது.

“படுபாவி! நானும் ஒன்னப்போல பேருக்குத்தான்டா!”

“அப்ப உண்மையான முதலாளி ஆரு?”

வாசலில் ஒரு கறுப்புக் கார் வந்து நின்றது. நல்லரத்தினம் பதறியெழுந்து, தன் கதிரையைச் சால்வையால் துடைத்துவிட்டு, ஜொய்சனுக்குப் பக்கத்தில் வந்து கைகட்டி நின்றார்.