நாலு தடவை பிரேக்

டாக்சிக்காரர் எங்கள் பட்டறைக்குத் தர வேண்டிய பாக்கி அறுநூற்று நாற்பது. அதனாலேயே மூன்று மாதமாக இந்தப் பக்கம் தலைகாட்டாதவர், இன்று விடிந்ததும் அடுத்த தெருவிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து நிற்கிறார். ராத்திரி பெய்த மழை தகரக் கூரையிலிருந்து இன்னும் சொட்டுகிறது. "பிரேக் போச்சுண்ணே. மிதிச்சா கரகரன்னு கத்துது. வீட்டுக்காரி வளையலைப் பக்கத்து வீட்டுல அடகு வச்சுப் பணம் கொண்டாந்திருக்கேன், புதுசா மாத்திடுங்க." நான் குனிந்து சக்கரத்துக்குள் கைவிட்டு பிரேக் தட்டைத் தடவுகிறேன். விரல் நுனியில் செங்கல் நிறத்தில் துரு ஒட்டுகிறது. ஒரு ராத்திரி ஈரத்தில் படிந்தது, தேய்ந்தால் போய்விடும். "மெதுவா ஓட்டிப் போயி நாலு தடவை மிதிச்சுட்டு வாங்க தம்பி." முதல் கரகரப்பு தெருமுனையிலிருந்தும் கேட்கிறது. இரண்டாவது கொஞ்சம், மூன்றாவது காது கொடுத்தால்தான். நாலாவது கேட்கவே இல்லை. திரும்பி வந்து இறங்குகிறவர் முகத்தில் அசட்டுச் சிரிப்பு. "இதுக்கா தள்ளிட்டு வந்தேன்? கூலி எவ்வளவுண்ணே?" "ஓட்டினது நீங்க, எனக்கு எதுக்குக் கூலி?" அவர் அறுநூற்று நாற்பதை எண்ணி மேஜையில் வைக்கிறார். "வளையலை முதல்ல மீட்டுடுங்க தம்பி." "வண்டி ஓடுதில்ல, சாயங்காலமே மீட்டுடுவேன். இதை எடுங்க." நான் பென்சிலை இறுக்கிப் பிடித்து, நாற்பத்தெட்டு வயதில் கற்ற எழுத்தில், அவர் கணக்கின் கீழே 'தீர்ந்தது' என்று எழுதுகிறேன். ஓர் எழுத்துகூடக் கோணவில்லை.