இடுப்பு உயரம்

ஒசாகாவில் பழைய கால்குலேட்டர் சேகரிப்பவர்கள் கூடியிருக்கும் அறைக்குள் மாலை வெயில் தரைவரை இறங்கியிருக்கிறது. உடைந்த பிளாஸ்டிக் சில்லுகள் அதில் மின்னுகின்றன. "எங்க பொட்டி உடையாது, பாருங்க" என்று, அப்பாவின் கால்குலேட்டரைக் கொண்டுவந்திருந்த சயோகோவின் கையிலிருந்து அதை வாங்கி, இடுப்பு உயரத்திலிருந்து நழுவவிட்டவர் கசாமா. 1976இல் அதன் பிளாஸ்டிக் வெளிக்கூட்டை வடிவமைத்தவர் அவர்தான். அன்று கடைகடையாக இப்படித்தான் போட்டுக் காட்டி விற்றார்கள். ஐம்பது வருஷத்தில் பிளாஸ்டிக் அப்பளமாகிவிடும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. கூடியிருந்தவர்களின் கைதட்டல் கேட்டதும் மறந்துவிட்டார். கூட்டுக்குள் திருகு இறங்கும் சிறு தூண்கள் நான்கும் அடியோடு ஒடிந்து கிடக்கின்றன. சயோகோ மண்டியிட்டு, சில்லுகளை ஒவ்வொன்றாகக் கைக்குட்டையில் பொறுக்குகிறாள். கசாமாவும் குனியப் பார்க்கிறார். முழங்கால் மடங்க மறுக்கிறது. "விடுங்க சார். அப்பா போனப்புறம் ஜன்னலோரமாவே வெச்சிருந்தேன், வெயில் பட்டுருக்கும். என் தப்புதான். மன்னிச்சுடுங்க." எழுந்து, தலை தாழ்த்தி வணங்குகிறாள். அவர் அதைவிடத் தாழ்ந்து வணங்குகிறார், நிமிரவே இல்லை. கண்ணுக்கு நேரே, தரையில் கிடக்கும், அவர் செய்யாத மின்சுற்றுப் பலகையில் மட்டும் பச்சைப் பூஜ்யம் ஒன்று இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது.