முன் இருக்கையின் பதில்

காரின் பாகங்கள் கம்பி வழியே ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கும், கண்ணுகளா. பேச்சு அறுந்தால் திரையில் பிழை எண் வரும், வண்டி கிளம்பாது. மெக்கானிக் ஒருத்தியின் அக்கா கார் அன்று அப்படித்தான் நின்றுவிட்டது. ஒன்பது மணிக்கு அந்த அக்காவின் மகளுக்குப் பரீட்சை.

"எட்டே கால் ஆச்சுடி. உன் வைத்தியம் முடியுமா, முடியாதா?"

"இது கிளம்பாம நானும் நகர மாட்டேன்க்கா" என்றாள் மெக்கானிக் தங்கை.

முன் இருக்கையில் ஆள் இருப்பதைச் சொல்லும் பெட்டியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். கம்பி அறுந்ததால் திரையில் 'தொடர்பு இல்லை' என்று வரவேண்டும். 'தொடர்பு சரி. ஆள் அமர்ந்திருக்கிறார். பெல்ட் போடவில்லை' என்று வந்தது. அந்தச் செய்தியை மூன்று முறை அழித்தாள். மூன்று முறையும் அதேதான்.

காலி இருக்கைக்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினாள். வண்டி கிளம்பியது.

மகள் ஓடிவந்து முன்கதவில் கை வைத்தாள்.

"நீ பின்னால உட்காரு, செல்லம்" என்றாள் சித்தி.