முழு மதிப்பு

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது: தர்மபுரி மாவட்டத்தில் கிழிந்த நோட்டுகளுக்கும் கருகிய நோட்டுகளுக்கும் விடிவுகாலம் பிறந்துவிட்டது. 1984, ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரை மணி முதல் அவற்றின் தலையெழுத்தை எழுதப் போகிறவர் ஆபீசர் ராஜாமணி.

அதுவரை அந்த பேங்கில் மோசமான கிழிசல்களையெல்லாம் மெட்ராஸுக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். இப்போது தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் ராஜாமணிக்கே வந்துவிட்டது. கூடவே ஒரு பூதக்கண்ணாடியும், 'கொடுக்கலாம்' என்று ஒரு ரப்பர் ஸ்டாம்பும், 'நிராகரிக்கப்பட்டது' என்று இன்னொன்றும் வந்திருந்தன.

பத்து மணிக்கே தொடங்கியிருக்க வேண்டும். தொப்பூர் கணவாயில் முந்தாநாள் கவிழ்ந்து எரிந்த லாரியை இன்னும் ஓரங்கட்டாததால் சேலம் பஸ் ஊர்ந்து ஊர்ந்து வந்தது. பொறுப்பில்லாத ஜனங்கள் என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே வந்து இறங்கியிருந்தார்.

முதல் வழக்கு கவுண்டரில் தயாராக நின்றது. அதியமான்கோட்டை குள்ளம்மாள், முப்பது வயது இருக்கும். வாசல் பெஞ்சில் ஒரு ஏட்டு, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அவர்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். புது கவுண்டருக்குப் போலீஸ் காவல் போட்டிருக்கிறார்கள் என்று ராஜாமணிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

அவள் ஒரு இருபது ரூபாய் நோட்டின் இரண்டு பாதிகளை எடுத்து வைத்தாள். ஒன்று மடிப்புக் கலையாமல் மஞ்சள் வாசனையோடு இருந்தது. நெளிந்துபோன தகர டப்பா ஒன்றைத் திறந்து மற்றதை எடுத்தாள். அது பழுப்பேறி, கிழிசல் ஓரமெல்லாம் கருகி, நம்பர்மேல் கரி அப்பியிருந்தது.

"ரெண்டும் ஒரே நோட்டான்னு பாத்துச் சொல்லுங்க சார்."

யார் கிழித்தது என்று கேட்டார். வீட்டுக்காரர் என்றாள். வண்டிக்குக் கிளம்பும்போதெல்லாம் கிழிப்பாராம். திரும்பி வந்ததும் சோற்றுப் பருக்கையை வைத்து அவரே ஒட்டிவிடுவாராம்.

ராஜாமணிக்கு விஷயம் நொடியில் விளங்கிவிட்டது. "போதை ஏறினா கிழிக்கறது, எறங்கினா ஒட்டறது. இந்தத் தடவை ஏத்தம் ஜாஸ்தி, பாதிய அடுப்புல வீசிட்டான். அப்படித்தானே?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் தெம்பில், ரூபாய் நோட்டு தேசத்தின் சொத்து, குடிகாரனின் கைக்குட்டை அல்ல என்று ஒரு சிறு சொற்பொழிவே ஆற்றினார். குள்ளம்மாள் அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "நம்பர் சார்" என்றாள்.

அதற்கு முன் ஃபாரம் இருந்தது. வீட்டுக்காரர் பேரைக் கேட்டதும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சாமி பேருங்க."

"நாட்டுல சாமிக்கா பஞ்சம்? எந்த சாமி?"

காவிரிக்கு அந்தப் பக்கம், மலைமேல் இருக்கிற சாமி என்று கையைக் காட்டினாள். மாதேஸ்வரனா என்று வரிசையிலிருந்து யாரோ எடுத்துக் கொடுக்க, ஆமென்று தலையசைத்தாள். கிழிக்கிற புருஷனுக்கு இவ்வளவு மரியாதையா என்று இன்னொரு குரல் கேட்டது. மறுபடியும் சிரிப்பு.

ராஜாமணி பூதக்கண்ணாடியை எடுத்தார். ஓரம் கருகிவிட்டதால் இனி நம்பர்தான் சாட்சி. ஒவ்வொரு இலக்கமாகக் கடந்து கடைசி இலக்கத்துக்கு வந்தவர் உதட்டைப் பிதுக்கினார்.

"இதுல மூணு, அதுல எட்டு. ரெண்டும் வேற வேற நோட்டும்மா. ஒத்த பைசா பெறாது."

குள்ளம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது.

"நெசமாலுமா சார்? வேறதுதானுங்களா? அதையே ஒரு தாள்ல எழுதிக் குடுத்துருங்க சார். உங்க புள்ளகுட்டி நல்லா இருக்கும்."

பதினாறு வருட சர்வீஸில், பணம் போனதற்காக வாழ்த்திய ஆளை ராஜாமணி பார்த்ததில்லை. 'நிராகரிக்கப்பட்டது' வரை போன கை நின்றுவிட்டது. முதல் தீர்ப்பே தப்பாகப் போய், மெட்ராஸில் யாராவது சிரித்துவிட்டால்? ஸ்பாஞ்சில் விரலைத் தொட்டு, கரி அப்பிய இடத்தைப் பூவைத் துடைப்பதுபோலத் துடைத்தார். கரி நகர்ந்தது. எட்டின் இடது பக்கம் கரியோடு போய், மூன்று மட்டும் மிச்சமிருந்தது.

ராஜாமணி எழுந்தே நின்றுவிட்டார். பேங்க் முழுவதற்கும் கேட்கும்படி, எண்கள் பொருந்துவதாகவும் முழு மதிப்பு வழங்கப்படுவதாகவும் அறிவித்தார். 'கொடுக்கலாம்' ஸ்டாம்ப் தட்டென்று விழுந்தது. இரண்டு புத்தம் புதுப் பத்து ரூபாய்த் தாள்களைத் தள்ளிவிட்டு, கும்பிடு வரும் என்று காத்திருந்தார்.

அவள் பணத்தைத் தொடவில்லை. அந்தக் கருகிய பாதியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொருக்கா பாருங்க சார்."

பெருந்தன்மையாக இன்னொரு முறையும் பார்த்தார். "சந்தேகமே இல்ல. நூத்துக்கு நூறு ஒரே நோட்டுதான். சந்தோசமாப் போம்மா."

குள்ளம்மாள் வாசல் பக்கம் திரும்பினாள். ஏட்டு ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தார்.

"ஏட்டய்யா, தொப்பூர்ல எரிஞ்சது மாதேஸ்வரன்தாங்க."